அமிலத்தின் முன் நின்ற உலோகம்

மலைச்சரிவின் உலைகள் – பகுதி 14

சென்ற பகுதியில், மூணாறுக்குக் கீழே முதிரப்புழையின் நீரைக் குழாயில் இறக்கிப் பள்ளிவாசலில் மின்சாரம் எடுத்த கதையைப் பார்த்தோம். 1940 மார்ச்சில் அந்த நிலையம் ஓடத் தொடங்கியதும் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு அடுத்த வேலை வந்து சேர்ந்தது. மின்சாரம் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஆலைகள் வேண்டும். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஊக்கத்தில் பெரியாற்றங்கரையில், ஆலுவாவைச் சுற்றி அவை எழுந்தன. 1943-இல் இந்தியன் அலுமினியம் கம்பெனியின் உருக்காலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டு பதிவான ஃபாக்ட் உர நிறுவனம் 1947-இல் அமோனியம் சல்ஃபேட் உரம் தயாரிக்க ஆரம்பித்தது. 1951-இல் திருவிதாங்கூர் கொச்சி கெமிக்கல்ஸ் உருவானது. ஃபாக்ட் உருவானதில் பெரும்பங்கு திருச்சி சேஷசாயி சகோதரர்களுடையது. 1936-இலேயே மேட்டூரில் ரசாயன ஆலை தொடங்கிய அனுபவம் அவர்களுக்கு இருந்தது.

இந்த ஆலைகளைப் பற்றிப் பேசும்போது உரம், காஸ்டிக் சோடா என்று வெளியே வந்த பொருள்களைத்தான் சொல்கிறோம். உள்ளே ஓடிய திரவங்களைச் சொல்வதில்லை. அமோனியாவைக் கந்தக அமிலத்தோடு சேர்த்தால்தான் அமோனியம் சல்ஃபேட். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவோடு குளோரின் வாயுவும் வரும். அதை ஹைட்ரஜனோடு எரித்து நீரில் கரைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். இடுக்கி மலையிலிருந்து கம்பி வழியே இறங்கிய மின்சாரம், சமவெளியில் அமிலமாகக் குழாய்களுக்குள் ஓடியது என்றே சொல்லலாம்.

அமிலத்தைத் தயாரிப்பது ஒரு கலை என்றால், அதை எதில் வைப்பது, எந்தக் குழாயில் அனுப்புவது, எந்த வால்வால் அடைப்பது என்பது அதைவிடக் கடினமான கலை. பம்பின் ஒரு சிறு தண்டு அரித்துப் போனாலும் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் கண்ணும் தோலும்தான் விலை கொடுக்கும். அமிலத்தைத் தாங்கும் உலோகங்கள் எப்படிப் பிறந்தன, அந்த வரலாற்றில் நம் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதிக்கு என்ன இடம் என்பதைச் சொல்கிறது இந்தப் பகுதி.

இரும்புத் தொட்டியில் கந்தக அமிலம்

பாலக்காட்டுக்கும் கோவைக்கும் நடுவே வாளையார் நெடுஞ்சாலையில் கந்தக அமில டேங்கர் லாரி போவதைப் பார்த்தவர்கள், அதன் உருளை ஏதோ விலையுயர்ந்த உலோகத்தில் செய்தது என்று நினைத்திருக்கலாம். 98 சதவீத அடர்த்தி கொண்ட கந்தக அமிலத்தைச் சாதாரண இரும்புத் தகட்டுத் தொட்டியிலேயே வைக்கலாம், கொண்டும் போகலாம். அமிலம் முதலில் இரும்பைத் தொட்டதும் வினைபுரிகிறது. அந்த வினையில் இரும்பு சல்ஃபேட் என்ற உப்பு உண்டாகி, தகட்டின் மேல் படலமாகப் படிந்துவிடுகிறது. அடர்ந்த அமிலத்தில் அந்த உப்பு எளிதில் கரையாது. ஆகவே அமிலத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு திரை விழுந்துவிடுகிறது.

இந்தத் திரைக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று வேகம். குழாயில் அமிலம் விரைந்து ஓடினால், வளைவுகளிலும் வால்வின் வாயிலும் படலத்தை உரித்துக்கொண்டு போய்விடும். தொட்டி ஆண்டுக்கணக்கில் நிற்கும், அதோடு இணைந்த இரும்பு வால்வு சீக்கிரமே போய்விடும். இரண்டாவது எதிரி தண்ணீர். கந்தக அமிலம் காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும் குணம் உடையது. தொட்டியின் மூச்சுக்குழாய் வழியாக மழைக்காலக் காற்று உள்ளே புகுந்தால், தொட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய அமிலம் நீர்த்துப்போய் இரும்பைத் தின்னத் தொடங்கும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்டில் இது ஏட்டுச் சங்கதி இல்லை. காலித் தொட்டியைக் கழுவுகிறேன் என்று கொஞ்சம் தண்ணீர் விட்டு அப்படியே விட்டுவைப்பது, நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. அரிப்பில் வெளிவரும் ஹைட்ரஜன் வாயு உள்ளே தேங்கி நிற்கும். அதன் பக்கத்தில் வெல்டிங் தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

நீர்த்த கந்தக அமிலத்துக்கு ஈயம்தான் பழைய துணை. 1746-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஜான் ரோபக் கண்ணாடிக் குடுவைகளை விட்டுவிட்டு ஈயத் தகட்டால் அறை கட்டி அதற்குள் அமிலம் தயாரித்தார். ஈயத்தின் மேல் படியும் ஈய சல்ஃபேட் நீர்த்த அமிலத்தில் கரையாது. ஈயம் தாங்கும் இடத்தில் இரும்பு தோற்கும், இரும்பு தாங்கும் மிக அடர்ந்த அமிலத்தில் ஈயம் தோற்கும். ஒரே அமிலம், அடர்த்தி மாறியதும் நண்பன் பகைவனாகிறான். வலிமை என்பது உலோகத்திடம் மட்டும் இல்லை. உலோகமும் அமிலமும் சந்திக்கும் இடத்தில் உருவாகும் அந்தப் படலத்தில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்தத் தேடலின் ஒரு நூல் நம் மண்ணிலிருந்து புறப்பட்டது.

கணவாய் நாட்டின் எஃகு

இந்தத் தொடரின் தொடக்கத்தில் கொடுமணலைப் பார்த்தோம். சென்னிமலைக்கு அருகே, நொய்யல் கரையில் இருக்கும் அந்தச் சங்ககால ஊரில் இரும்பு உலைகளும் எஃகு செய்ததற்கான தடயங்களும் அகழ்வில் கிடைத்தன. அங்கிருந்து மேற்கே போனால் பாலக்காட்டுக் கணவாய். அதைக் கடந்தால் முசிறித் துறைமுகம். கொங்கு நாட்டின் மணிகளும் உலோகமும் கடலைக் கண்ட வழி அது. மூசையில் இரும்பையும் மரத்துண்டு, இலை போன்ற கரிப்பொருளையும் வைத்து மண்ணால் மூடி உருக்கி எடுக்கும் உயர்கார்பன் எஃகைத் தென்னிந்தியக் கொல்லர்கள் நெடுங்காலம் செய்துவந்தார்கள். ஐரோப்பியர் அதை ‘வூட்ஸ்’ என்றார்கள்.

1794-இல் பம்பாயிலிருந்து ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர் வூட்ஸ் எஃகு மாதிரிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பிவைத்தார். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். அந்த எஃகில் கத்தி செய்து பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். லண்டனில் அறுவைக் கருவிகள் செய்து விற்றவர். வூட்ஸின் கூர்மையில் மனதைப் பறிகொடுத்தவர். அவர் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இருந்த இளைஞர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞர்தான் மைக்கேல் ஃபாரடே.

1819-இல் ஃபாரடே வூட்ஸை வேதியியல் முறையில் பகுத்துப் பார்த்தார். அதன் சிறப்புக்கு அதில் கலந்திருக்கும் வேறு பொருள்கள்தான் காரணம் என்று கருதினார். அந்த ஊகம் பிழையானது. வூட்ஸின் மேன்மைக்குக் கார்பன் அளவும் அதை உருக்கி ஆறவைக்கும் பக்குவமும்தான் முதன்மையான காரணங்கள். ஆனால் அந்த ஊகம் அவரை மகத்தான ஒரு வேலையில் இறக்கியது. எஃகோடு வேறு உலோகங்களை வேண்டுமென்றே சேர்த்தால் என்ன ஆகும்? பிளாட்டினம், ரோடியம், வெள்ளி, நிக்கல், குரோமியம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து அவரும் ஸ்டோடார்ட்டும் உருக்கினார்கள். 1820-இலும் 1822-இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். திட்டமிட்டு நடந்த கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு அதுவே வாசல். இந்தியக் கொல்லன் மூசையில் ஊதி எடுத்த எஃகைப் புரிந்துகொள்ள முயன்றதில்தான் அந்த வாசல் திறந்தது.

அவர்கள் குறித்துவைத்த ஒரு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிகச் சிறிதளவு பிளாட்டினம் சேர்ந்த எஃகு, நீர்த்த கந்தக அமிலத்தில் சாதாரண எஃகைவிட வேகமாகக் கரைந்தது. அமிலத்துக்கு அசையாத உலோகத்தைச் சேர்த்தால் கலவைக்கும் அந்தக் குணம் கொஞ்சமாவது வர வேண்டாமா? நடந்தது தலைகீழ். இதற்கான விடை நெடுங்காலம் கழித்தே வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

ஃபாரடே சேர்த்த குரோமியம் மிகக் குறைவு. அந்த ஆராய்ச்சியைப் படித்த பிரெஞ்சுக்காரர் பியர் பெர்த்தியே 1821-இல் குரோமியம் நிறைந்த இரும்பை உருக்கினார். அது அமிலங்களை நன்றாகத் தாங்குவதைக் கண்டு, கத்தி செய்ய உதவும் என்றும் எழுதினார். ஆனால் அதில் கார்பன் ஏறியிருந்ததால் கலவை நொறுங்கியது. குரோமியம் நிறைந்த, கார்பன் குறைந்த எஃகை அன்றைய உலைகளால் தர முடியவில்லை.

நைட்ரிக் அமிலத்தில் உறங்கிய இரும்பு

1836-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து ஷோன்பைன் என்ற வேதியியலர் ஃபாரடேக்குக் கடிதம் எழுதினார். பொருள் இரும்பும் நைட்ரிக் அமிலமும்.

சோதனை இதுதான். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்புக் கம்பியைப் போட்டால் பொங்கும், பழுப்புப் புகை கிளம்பும், கம்பி கரையும். அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் அதே கம்பியைப் போட்டால் ஒன்றும் நடக்காது. கம்பி பளபளவென்று கிடக்கும். அதை மெல்ல எடுத்து, முன்பு கம்பியைக் கரைத்த நீர்த்த அமிலத்தில் விட்டால், அங்கேயும் சும்மா கிடக்கும். கண்ணாடிக் குச்சியால் ஒரு கீறல் போட வேண்டும், அல்லது கம்பியைத் தட்ட வேண்டும். உடனே பழைய பொங்கல் தொடங்கிவிடும். 1790-இலேயே ஜேம்ஸ் கேர் இதைக் கவனித்திருக்கிறார். ஃபாரடே யோசித்துப் பார்த்து, இரும்பின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில், அல்லது அதற்கு ஒப்பான நிலையில் இருக்க வேண்டும் என்றார். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இரும்பைக் காக்கிறது.

கலப்பு எஃகின் வாசலைத் திறந்தவரும் அவர். படலத்தின் கொள்கையைச் சொன்னவரும் அவர். இரண்டும் ஒரே மனிதரின் கையில் இருந்தன. கீறினால் மீண்டும் தானே வளரும் படலத்தை எஃகுக்குக் கொடுக்க முடியுமா என்ற கேள்வியில் அவை ஒன்று சேர வேண்டும். அவர் காலத்தில் சேரவில்லை. அவர் உருக்கிய 79 எஃகுத் துண்டுகள் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஒரு மரப்பெட்டியில் கிடந்தன. 1931-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்ட் என்ற எஃகு நிபுணர் அவற்றை ஆராய்ந்தபோதுதான் அந்த வேலையின் ஆழம் உலகுக்குத் தெரிந்தது.

12 சதவீதம்

ஃபாரடே காலத்தில் சேராத அந்த இரண்டையும் சேர்த்துவைத்தவர் பிலிப் மொன்னார்ட்ஸ். ஜெர்மனியின் ஆகென் நகரில், 1911-இல் வெளியான அவர் ஆய்வு, குரோமியத்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி ஒவ்வொரு கலவையையும் அமிலத்தில் சோதித்தது. குரோமியம் ஏற ஏற அரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. ஏறத்தாழ 12 சதவீதத்தைத் தொட்டதும் சட்டென்று விழுந்தது. அந்த இடத்திலிருந்து எஃகின் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் தொடர்ச்சியாக மூடிக்கொள்கிறது. அதன் கனம் சில நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். கீறல் விழுந்தாலும் பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் நம் உடம்பின் தோல் போலப் புண்ணைத் தானே மூடிக்கொள்கிறது. மாலிப்டினம் சேர்த்தால் தாங்கும் திறன் கூடுகிறது என்பதையும் அவர் கண்டார்.

1912-இல் எசன் நகரின் க்ரூப் ஆலையில் பென்னோ ஸ்ட்ராஸும் எடுவார்ட் மௌரரும் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்து வி2ஏ என்ற எஃகைக் கொண்டுவந்தார்கள். 1913 ஆகஸ்ட்டில் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 12.8 சதவீதக் குரோமிய எஃகை வார்த்தார். துப்பாக்கிக் குழாயின் தேய்மானத்தைக் குறைக்கத் தொடங்கிய வேலை அது. நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலத்தால் பொறிக்கப் போனபோது எஃகு பொறிபடவே மறுத்தது. கத்தி, கரண்டி என்று சமையலறைக்குள் அது நுழைந்தது இந்த வழியில்தான். நம் வீடுகளில் எவர்சில்வர் என்று சொல்லும் பாத்திரம் அந்தக் குடும்பத்தின் வாரிசு.

ஜெர்மனியின் அவசரத்துக்குக் காரணம் சமையலறை அல்ல. காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து அமோனியா செய்யும் முறை அப்போதுதான் வெற்றி கண்டிருந்தது. அமோனியாவை எரித்து நைட்ரிக் அமிலம், அதிலிருந்து உரமும் வெடிமருந்தும். அந்த அமிலத்தை ஈயமும் தாங்காது, நீர்த்த நிலையில் இரும்பும் தாங்காது. வி2ஏ தாங்கியது. உரத்தின் வரலாறும் எவர்சில்வரின் வரலாறும் ஒன்றாகப் பிறந்த பிள்ளைகள்.

ஒன்றுக்கு ஆவது இன்னொன்றுக்கு ஆகாது

எவர்சில்வர் வந்ததும் அமிலப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனை வாரிக் கொடுக்கும். அதனால் படலம் செழிக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆக்சிஜன் தராது. அதிலுள்ள குளோரைடு படலத்தைத் துளைக்கும். அதே எவர்சில்வர் அதில் புழுதின்ற மரமாகிவிடும். நடுத்தர அடர்த்தியுள்ள சூடான கந்தக அமிலமும் அதற்கு ஆகாது. அந்த இடத்துக்காகவே நிக்கலைக் கூட்டி, செம்பும் மாலிப்டினமும் சேர்த்து அலாய் 20 என்ற கலப்புலோகம் வந்தது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்காக 1920-களில் அமெரிக்காவில் நிக்கலும் மாலிப்டினமும் கலந்த ஹேஸ்டெல்லாய் பி வந்தது. அதன் குணம் எவர்சில்வருக்கு நேர்மாறு. அமிலத்தில் துருவின் இரும்பு அயனிகள் கொஞ்சம் கலந்தாலும், காற்று கலந்தாலும், அது அரித்துப் போகும். 14 சதவீதத்துக்கு மேல் சிலிக்கன் சேர்ந்த வார்ப்பிரும்பு கந்தக அமிலத்தின் எந்த அடர்த்தியையும் தாங்கும். ஆனால் சுத்தியல் பட்டால் உடைந்துவிடும்.

வெல்டிங்கிலும் ஒரு பாடம் காத்திருந்தது. எவர்சில்வர் குழாயை வெல்டிங் செய்தால், இணைப்பின் மேல் ஒன்றும் ஆகாது. அதற்குச் சற்றுத் தள்ளி இருபக்கமும் கோடு கிழித்தது போல அரிக்கும். அந்த இடம் 500 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி நிற்கையில், எஃகிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு படிக மணிகளின் எல்லையில் படிகிறது. எல்லையோரம் குரோமியம் 12 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே படலம் இல்லை. கார்பனை 0.03 சதவீதத்துக்குள் அடக்கிய எஃகு இதற்கு மருந்து. எஃகு இந்தக் குற்றத்திலிருந்து விடுபட்டதா என்று பார்க்க 65 சதவீத நைட்ரிக் அமிலத்தில் 48 மணி நேரம் கொதிக்கவைத்து எடை பார்ப்பார்கள்; புது அமிலம் ஊற்றி இப்படி ஐந்து முறை. மொத்தம் 240 மணி நேரம்.

அமிலத்துக்கேற்ற உலோகம் என்ற இந்தப் பாடத்தின் எளிய வடிவம் ரப்பர் தோட்டக்காரர்களுக்குப் பழக்கம். மண்ணார்க்காட்டிலும் தொடுபுழையிலும் ரப்பர் பாலை உறையவைக்க நீர்த்த ஃபார்மிக் அமிலம் சேர்க்கிறார்கள். உறைய ஊற்றுவது அலுமினியத் தட்டில். செம்புப் பாத்திரத்தைப் பக்கத்தில் விடுவதில்லை. துளி செம்பு பாலில் கரைந்தாலும் ஷீட் நாளடைவில் பிசுபிசுத்துப் போகும். அலுமினியத்தின் மேலும் ஓர் ஆக்சைடு படலம் உண்டு. நீர்த்த அமிலத்தைச் சில மணி நேரம் அது பொறுத்துக்கொள்கிறது. நல்ல உலோகம் எது என்ற கேள்விக்கு, எந்த அமிலத்துக்கு என்று திருப்பிக் கேட்பதுதான் முதல் பதில்.

கணவாயின் வாயிலில், கஞ்சிக்கோட்டில், 1974-இல் இன்ஸ்ட்ரூமென்டேஷன் லிமிடெட் நிறுவனத்தின் பாலக்காட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது. ஆலைக் குழாய்களில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுகள் அதன் தொழில். வாளையாருக்கு அந்தப் பக்கம் கோவையின் பவுண்டரிகளும் பம்பு ஆலைகளும். அமிலத்தைத் தாங்கும் கலப்புலோகம் ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து இறங்கி வேலைக்குப் போவது வால்வு, பம்பு என்ற இந்த உருவங்களில்தான். வால்வுக்குள் அமிலம் இடுக்கு வழியே சீறிப் பாயும். தொட்டியில் நிற்கும் படலம் அங்கே நிற்காது. ஆகவே இருக்கைக்கும் அடைப்பானுக்கும் உடலைவிட உயர்ந்த உலோகம் வேண்டும்.

காரைக்குடியும் கல்பாக்கமும்

விடுதலைக்குப் பின் இந்தப் படலங்களை ஆராயத் தமிழ்நாட்டில் ஒரு வீடு எழுந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். மேட்டூரிலும் ஆலுவாவிலும் இருப்பது போன்ற காஸ்டிக் சோடா ஆலைகளில், குளோரினுக்கு நடுவே கரைந்து தேயும் கிராஃபைட் மின்முனைக்குப் பதில், டைட்டானியத்தின் மேல் ஆக்சைடு பூச்சு கொண்ட கரையாத மின்முனையை அந்நிலையம் உருவாக்கியது.

டைட்டானியம் நைட்ரிக் அமிலத்தையும் ஈரக் குளோரினையும் தாங்கும். நீர்த்த, சூடான கந்தக அமிலத்திலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் தோற்கும். 1959-இல் ஸ்டெர்ன், விஸன்பெர்க் என்ற இருவர் டைட்டானியத்தில் 0.2 சதவீதத்துக்கும் குறைவான பல்லேடியம் சேர்த்தாலே அந்த அமிலங்களையும் அது வெகுவாகத் தாங்கும் என்று காட்டினார்கள். ஃபாரடேயின் பிளாட்டினப் புதிருக்கு விடை இங்கே இருக்கிறது. பிளாட்டினமும் பல்லேடியமும் அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுவதை எளிதாக்குகின்றன. அதனால் கூட இருக்கும் உலோகம் அதிகமாக ஆக்சிஜனேற்றத்துக்குத் தள்ளப்படுகிறது. நீர்த்த அமிலத்தில் படலம் கட்டத் தெரியாத எஃகு, அந்தத் தள்ளலில் வேகமாகக் கரைந்தது. படலம் கட்டத் தெரிந்த டைட்டானியம், அதே தள்ளலில் படலத்தைக் கட்டிக்கொண்டது. காரணம் ஒன்று, விளைவு இரண்டு.

நம் நாட்டில் இந்தக் கலையின் கடினமான தேர்வு கல்பாக்கத்தில் நடந்தது. 1985-இல் இயங்கத் தொடங்கிய சோதனை வேக ஈனுலையின் எரிபொருள், புளுட்டோனியமும் யுரேனியமும் சேர்ந்த கார்பைடு. எரிந்து முடிந்த எரிபொருளை மறுபடி பயன்படுத்த, அதைக் கொதிக்கும் அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். அந்த அளவு கடுமையில் எவர்சில்வரின் படலமே கரையும். குரோமியம் இன்னும் மேலே ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலத்தோடு போய்விடும். கதிர்வீச்சு காரணமாகக் கலத்தின் பக்கத்தில் மனிதர் போக முடியாது. ஈயச் சுவருக்கு வெளியே நின்று, கண்ணாடி வழியே பார்த்து, இயந்திரக் கையால்தான் வேலை. ஓட்டை விழுந்தால் வெல்டரை அனுப்ப வழி இல்லை.

இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் அரிமான விஞ்ஞானிகள் மாதிரிகளைக் கொதிக்கும் அமிலத்தில் மூன்று இடங்களில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள்: திரவத்தில், ஆவியில், ஆவி குளிர்ந்து சொட்டும் இடத்தில். எளிதில் எதிர்பார்க்க முடியாத முடிவு வந்தது. டைட்டானியம் திரவத்துக்குள் மூழ்கியிருக்கும்போது நன்றாக நின்றது; சொட்டும் இடத்தில்தான் அதிகம் அரித்தது. மூழ்கிய இடத்தில் முன்பே கரைந்த டைட்டானிய அயனிகள் மேலும் கரைவதைத் தடுக்கின்றன. மேலே சொட்டுவதோ ஒவ்வொரு துளியும் புது அமிலம். காக்கும் அயனிகள் அதில் இல்லை. ஆகவே படலத்தையே உறுதியாக்க வேண்டும் என்று 5 சதவீதம் டான்டலமும் 1.8 சதவீதம் நையோபியமும் சேர்ந்த டைட்டானியக் கலப்புலோகத்தை உள்நாட்டிலேயே உருவாக்கினார்கள். அந்த இரு உலோகங்களின் ஆக்சைடுகளும் டைட்டானியம் ஆக்சைடோடு கலந்து, கொதிக்கும் அமிலத்தில் மிக மெதுவாகக் கரையும் படலத்தைத் தருகின்றன. டாக்டர் யு. காமாட்சி முதலி இந்தத் துறையில் முன்நின்று உழைத்தவர்களுள் ஒருவர். 2003-இல் கல்பாக்கத்தின் கோரல் மறுசுத்திகரிப்புக் கூடம் இயங்கத் தொடங்கியபோது, அங்கே எரிபொருளைக் கரைக்கும் கலம் டைட்டானியத்தால் ஆனது.

ஆலைத் தரையில் மிஞ்சும் கடமை

இவ்வளவு அறிவும் ஆலைத் தரையில் ஒரு சிறு கவனக்குறைவில் வீணாகலாம். சாதாரண எவர்சில்வரும், மாலிப்டினம் சேர்ந்த எவர்சில்வரும், அலாய் 20-உம், ஹேஸ்டெல்லாயும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று போலவே மின்னும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகமும் அப்படியே. காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்ற நம்பிக்கை தவறு. இவற்றில் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டாது. நல்ல பவுண்டரி, வார்ப்பின் மேலேயே ஹீட் நம்பரைப் பொறிக்கும். அந்த எண்ணைப் பிடித்தால் எந்த உலையில் எந்தக் கலவை ஊற்றினார்கள் என்ற ஏடு கிடைக்கும். கையடக்க எக்ஸ்-ரே கருவியால் சில நொடிகளில் உலோகத்தின் சேர்மானத்தைப் படித்துவிடலாம். ராத்திரி ஷிப்டில் பைப் ஓட்டையாகி, ஸ்டோரில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டைப் போட்டு முறுக்கும்போது இந்தக் கட்டுப்பாடு உடைகிறது. இயந்திரம் ஓடும், படலம் கட்டத் தெரியாத அந்த ஒரு போல்ட் உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

அதனால்தான் அமிலத்தின் பெயர், அதன் அடர்த்தி, அதன் சூடு, அதன் வேகம், அதில் கலந்திருக்கும் அழுக்கு ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு குழாயின் வரைபடத்திலும் எழுதிவைக்க வேண்டும். கடைசித் தொழிலாளி வரை அது தெரிய வேண்டும். ரோபக்கின் ஈயமும், மொன்னார்ட்ஸின் 12 சதவீதமும், கல்பாக்கத்தின் டான்டலமும் இந்த ஐந்து விவரங்களுக்குக் கிடைத்த விடைகளே. உலோகத்தின் விலையைப் பார்த்து வாங்கிவிட்டு அமிலத்தைப் பற்றிக் கேட்காத ஆலை, அந்த மொத்த வரலாற்றையும் தூக்கி எறிகிறது. அதன் விலையைச் செலுத்துவது வால்வைத் திருகும் கை.

அடுத்த பகுதியில் இந்தக் கலப்புலோகங்களின் மூலப்பொருளைத் தேடி மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்குவோம். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சியில் கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டது, அதே கறுப்பு மணலிலுள்ள இல்மனைட்டைக் கந்தக அமிலத்தில் கரைத்து வெண்சாயம் செய்த திருவனந்தபுரம் ஆலை, 2011-இல் சவராவில் டைட்டானிய உலோகமே தயாரான கதை ஆகியவற்றைப் பார்ப்போம்.

(தொடரும்)